ஆளுக்கொரு சப்பாத்து

எங்கள் ஊர்க் கூட்டுறவுச் சங்கக்கடையைப் பற்றி நான் எழுதுவது பகையோடு எழுதுவதுதான். இதை முதலிலேயே சொல்லிவிட்டால், தலைவர் கனகசபாபதி அவர்களுக்கோ அவருடைய மருமக்களுக்கோ பிறகு கண்டுபிடித்துச் சொல்லும் சிரமம் இராது. நானும் அந்தச் சங்கத்தின் அங்கத்தவன். அங்கே நின்ற வரிசைகளில்தான் என் தலைமயிரில் பாதி நரைத்தது. ஆனாலும் இந்தக் கதையில் நான் ஒன்றும் கூட்டிச் சொல்லப்போவதில்லை. கூட்டுவதற்கு அவர்கள் எனக்கு இடம் வைக்கவில்லை.

அது எழுபத்துநாலாம் ஆண்டு. பிறநாட்டுச் சாமான் வேண்டாம் என்று கொழும்பில் முடிவு கட்டியிருந்தார்கள். அரிசிக்கு வரிசை, பாண் ரொட்டிக்கு வரிசை, சீத்தைத் துணிக்கு வரிசை. எங்காவது இரண்டு பேர் ஒருவர் பின் ஒருவராக நின்றால், மூன்றாவது ஆள் என்ன கொடுக்கிறார்கள் என்று கேளாமலே பின்னால் போய் நின்றுவிடுவார்.

சீதேவி எங்கள் ஒழுங்கையில் குடியிருந்தவள். கணவன் வல்லிபுரத்துக்கு மாத்தறையில் ஒரு சுருட்டுக்கடையில் வேலை; பொங்கலுக்கும் கோயில் திருவிழாவுக்கும் வந்து போவான். ஒரே பிள்ளை அம்பிகை, ஒன்றரை வயது. நடக்கப் பழகிய நாளிலிருந்து அது ஓரிடத்தில் இருந்து யாரும் பார்த்ததில்லை. மார்கழியில் ஒருநாள் கரைப்பக்கம் போன இடத்தில் உடைந்த சிப்பியை மிதித்து, வலது பெருவிரலுக்குக் கீழே கிழித்துக்கொண்டது. புண் சீழ்பிடித்துக் கால் வீங்கியது. ஊர்காவற்றுறை ஆஸ்பத்திரியில் கீறிக் கட்டி அனுப்பினார்கள்.

டாக்குத்தர் சொன்னது சுருக்கம். இந்தக் கல்லிலும் முள்ளிலும் பிள்ளை வெறுங்காலோடு நடக்கக்கூடாது. மெத்தென்ற சப்பாத்து வேண்டும். விரலுக்கு முன்னால் கொஞ்சம் இடம் இருக்கவேண்டும், குதி கழலக்கூடாது, போட்டு நடக்கவிட்டுப் பார்த்துத்தான் வாங்கவேண்டும். இறுகினால் புண் திறக்கும். திரும்பத் திறந்தால் விரலை எடுக்க வேண்டிவரலாம். பெருவிரல் போன கால் நேராக நடவாது. சீதேவி பஸ்ஸில் வரும் வழியெல்லாம் அந்த விரலைக் கைக்குள் பொத்திக்கொண்டே வந்தாள்.

யாழ்ப்பாணம் போய் ஒரு கடையில் கேட்டாள். கடைக்காரர் தெருவை ஒருதரம் பார்த்துவிட்டு, மேசைக்குக் கீழேயிருந்து ஒரு சிவப்புச் சோடியை எடுத்தார். போட்டுப் பார்த்தாள். அளவெடுத்துத் தைத்தது போலிருந்தது. விலையோ வல்லிபுரம் ஒரு மாதத்துக்கு அனுப்பும் காசு. கழற்றிக் கொடுத்தபோது பிள்ளை கத்தியது தெருமுனை வரை கேட்டதாம். பங்கீட்டு விலையில் சங்கத்துக்குச் சப்பாத்து வருகிறது, பொறும் என்று அந்தக் கடைக்காரரே சொல்லி அனுப்பினார்.

வந்தது. கொழும்பிலிருந்து ஒரு பெரிய பெட்டி நிறையத் தோல் சப்பாத்து, எல்லாம் குழந்தைகளுக்கு. லொறி சங்க முற்றத்தில் நின்றது. அங்கேதான் முதலாவது சிக்கல். பெட்டியை எங்கே இறக்குவது?

கடைக்குள் அரிசி இருந்தது, சீனி இருந்தது, சுவரில் பிள்ளையாரும் லட்சுமியும் இருந்தார்கள். தோல் சாமானை அந்தக் கூரைக்குள் விடலாமா என்று மனேச்சர் அப்புத்துரை தலைவரிடம் ஆள் அனுப்பினார். தலைவர் அவசரக் கூட்டம் வைத்தார். கூட்டத்தில் அவர் நின்றுகொண்டே பேசினார். அரிசி வாய்க்குரியது, சப்பாத்துக் காலுக்குரியது; காலையும் வாயையும் ஒரே இடத்தில் வைத்திருக்கிற ஒரு சங்கத்துக்குத் தான் உயிரோடிருக்கும்வரை தலைமை தாங்கமாட்டேன் என்றார். தன்னுடைய உடம்பில் அவை எப்படி ஒன்றாக இருக்கின்றன என்று யாரும் கேட்கவில்லை. பலத்த கைதட்டல்.

ஆகவே பெட்டி முற்றத்தில் நின்றது. மார்கழி மழை அதன்மேல் பெய்தது. மழையில் நனைகிறதே என்று யாரோ சொன்னபோது, நனைந்த தோல் இன்னும் தீட்டு என்று காரியதரிசி சோமாஸ்கந்தன் விளக்கினார். பிறகு தைமாத வெயில் அடித்தது. அதன் பிறகு இன்னொரு கூட்டம் வைத்து, பெட்டியை மண்ணெண்ணெய் அறைக்குள் வைத்துப் பூட்டுவது என்று ஏகமனதாக முடிவு செய்தார்கள். மண்ணெண்ணெயை யாரும் வாயில் வைப்பதில்லை என்பது காரணம்.

இதற்குள் சப்பாத்துக்கள் தங்கள் பாட்டில் ஒரு முடிவு செய்திருந்தன. நனைந்து காய்ந்ததில் ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதமாகச் சுருங்கிப்போயிற்று. அடியில் அடித்திருந்த இலக்கத்துக்கும் அளவுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லாமல் போயிற்று.

விநியோக ஆரம்ப விழாவுக்கு நல்ல நாள் பார்த்தார்கள். நிறைகுடம் வைத்து, குத்துவிளக்கேற்றி, தேவாரம் பாடினார்கள். நிறைகுடத்துக்கு முன்னால் சப்பாத்தைக் கொண்டுவரக்கூடாது என்பதால் விழாவில் சப்பாத்து இருக்கவில்லை. முதற்சோடியைப் பெற்றுக்கொண்டவர் தலைவரின் கொழும்புப் பேரன். அவரும் வரவில்லை. வராத பிள்ளைக்கு இல்லாத சப்பாத்தைக் கொடுப்பதை யாழ்ப்பாணத்திலிருந்து வந்த படக்காரர் படம் பிடித்தார். அந்தப் படம் இன்றைக்கும் சங்கக்கடைச் சுவரில் தொங்குகிறது. அதில் தலைவர் இரண்டு கைகளையும் நீட்டியபடி சிரிக்கிறார்.

அன்றைக்குத்தான் சமத்துவப் பேச்சு. பிள்ளைகள் அதிகம், சோடிகள் குறைவு. அவசரத் தேவைக்கென்று கொஞ்சத்தைக் கையிருப்பில் வைத்தால் இன்னும் குறைவு. என்ன செய்வது? தலைவர் தொண்டையைச் செருமிக்கொண்டு சொன்னார்:

"ஒரு பிள்ளை ரண்டு காலுக்கும் போட்டுக்கொண்டு திரிய, மற்றப் பிள்ளை வெறுங்காலோட பாத்துக்கொண்டு நிக்கிறதோ? இது சோசலிச நாடு. ஆளுக்கொண்டு. இதை நான் தீர்மானமாக் கொண்டுவாறன்."

நிறைவேறியது. தலைவரின் பேரனுக்கு மட்டும் இரண்டும் போயின. அது மாதிரிச் சோடி. போட்டு நடந்தால் எப்படி உழைக்கிறது என்று சங்கம் அவதானிக்கவேண்டுமாம்.

விற்பனை நாளில் சீதேவி விடியக் காலமையே பிள்ளையையும் இடுப்பில் வைத்துக்கொண்டு போய் நின்றாள். அவளுக்கு முன்னால் கரையூர்ப்பக்கத்து அல்போன்சம்மா நின்றாள். மீன் விற்கிறவள், தேவாலயத்தில் பாட்டு எடுத்துக் கொடுக்கிறவள், அம்பிகையின் வயதுக் கடைசிப் பெடியனோடு வந்திருந்தாள். அப்புத்துரை சப்பாத்தைக் கையால் தொடவில்லை. ஒட்டறை அடிக்கும் தடியின் நுனியில் கொழுவி, மேசைக்கு மேலால் நீட்டினார். பிள்ளையின் காலையும் அவர் பார்க்கவில்லை. வயதைக் கேட்டார். ஒன்றரை என்றால் ஒன்றரைக்குரிய இலக்கம்.

போட்டுப் பார்க்கலாமா என்று சீதேவி கேட்டாள். அப்புத்துரை கெட்ட மனுசன் இல்லை. பொறுமையாகத்தான் விளக்கினார்.

"கடைக்குள்ள போட ஏலாது பிள்ளை, லட்சுமி இருக்கிற இடம். வெளியில கொண்டுபோய்ப் போடவும் ஏலாது, காசு வாங்குமட்டும் அது சங்கத்தின்ர சாமான். காசு வாங்கினாப் பிறகு மாத்தித் தர ஏலாது."

அப்படியென்றால் எங்கே நின்று போட்டுப் பார்ப்பது என்று அவள் கேட்டாள். அப்புத்துரை உண்மையாகவே யோசித்தார். கடைசியில், அப்படி ஒரு இடத்தைச் சங்கம் இன்னும் ஒதுக்கவில்லை என்றார். அவளுக்கு ஒன்றும் விளங்கவில்லை. பின்னால் நின்றவர்கள் தள்ளினார்கள். காசைக் கொடுத்துவிட்டு வெளியே வந்து பார்த்தாள். இடது காலுக்குரியது.

தனக்குக் கிடைத்தது வலது என்று அல்போன்சம்மா அன்று பின்னேரம் சீதேவி வீட்டுப் படலைக்கு வந்து சொன்னாள். ஒற்றைச் சப்பாத்தைக் கொண்டு தன் பெடியன் என்ன செய்வான், புண் உள்ள காலுக்குப் போடு என்று கொடுத்துவிட்டுப் போனாள். காசு வேண்டாம் என்றுவிட்டாள். என் வாழ்நாளில் எங்கள் ஊரில் நடந்த ஒரே கூட்டுறவு அதுதான்.

அந்தச் சப்பாத்து உள்ளே இறுக்கம். வெளியிலே பார்த்தால் தெரியாது. பிள்ளைக்குச் சொல்லத் தெரியாது. புதுச் சப்பாத்தில் இரண்டு நாள் குதித்துத் திரிந்தது. மூன்றாம் நாள் கழற்றியபோது கட்டுத்துணி சிவந்து ஈரமாக இருந்தது. புண் திறந்துவிட்டது. திரும்பவும் பஸ், திரும்பவும் ஆஸ்பத்திரி. விரல் கறுக்கத் தொடங்கியிருந்தது. டாக்குத்தர் ஏழு நாள் வார்ட்டில் வைத்திருந்து, ஒருபடியாகக் காப்பாற்றிக் கொடுத்தார். இனி ஒருதரம் என்றால் தன்னால் ஏலாது என்று சொன்னார். அந்தக் கிழமை சீதேவி கட்டிலுக்குக் கீழே சீமெந்து நிலத்தில் படுத்தாள். எனக்கு அதை நினைக்கும்போதெல்லாம் தலைவரின் இரண்டு கைகளையும் நீட்டிய படம்தான் கண்ணுக்கு முன்னால் வரும்.

வந்ததும் நேரே சங்கத்துக்குப் போனாள். மண்ணெண்ணெய் அறையில் அவசரக் கையிருப்பு இருக்கிறதே, அதிலிருந்து அளவான ஒன்றைத் தெரிந்தெடுக்க விடுங்கள் என்று கேட்டாள். அவசரம் என்பதைச் சங்கம்தான் பிரகடனம் செய்யவேண்டும், அங்கத்தவர்கள் தாமாக அவசரப்படக்கூடாது என்று சோமாஸ்கந்தன் சொன்னார். அதோடு நிற்கவில்லை. அல்போன்சம்மாவின் சப்பாத்து சீதேவி வீட்டுக்கு எப்படி வந்தது என்று ஒரு விசாரணை தொடங்கினார்கள். பங்கீட்டுப் பண்டத்தைக் கைமாற்றுவது கள்ளச்சந்தையாம்.

விசாரணை நாளில் தலைவர் நடுவில், சோமாஸ்கந்தன் ஒரு பக்கம், அப்புத்துரை மறு பக்கம். சீதேவி நின்றாள், பெண்களுக்குக் கதிரை போடும் வழக்கம் இல்லை. அல்போன்சம்மாவை வாசற்படிக்கு வெளியே நிறுத்தி அங்கிருந்து பதில் சொல்லச் சொன்னார்கள். சப்பாத்தைச் சாட்சியாகக் கொண்டுவந்து, உள்ளே வைக்கக்கூடாது என்பதால் அதையும் அவளுக்குப் பக்கத்தில் வெளியே வைத்தார்கள். தலைவர் தூரத்திலிருந்தே அதைப் பரிசோதித்தார். அடியில் உள்ள இலக்கத்தை உரக்க வாசிக்கச் சொன்னார். ஒன்றரை வயதுக்குரிய இலக்கம்தான். தீர்ப்புச் சொன்னார்:

"சப்பாத்தில பிழை இல்லை. பிள்ளையின்ர கால்தான் ஒத்துழைக்கேல்லை. நீர் பிள்ளையை ஒழுங்கா வளர்த்திருந்தா அது தன்ர வயசுக்குரிய காலோட இருந்திருக்கும். ஒரு பிள்ளையின்ர காலுக்காகச் சங்கம் தன்ர அளவை மாத்தத் தொடங்கினா, நாளைக்கு ஊரில ஒவ்வொருத்தரும் ஒவ்வொரு காலைக் கொண்டு வருவினம்."

அப்புத்துரை தலையாட்டினார். சீதேவி பிள்ளையை இடுப்பில் மாற்றிக்கொண்டு வெளியே வந்தாள். அதுவரை அவள் முகத்தில் இருந்தது குழப்பம். அன்று வீடு திரும்பும்போது அவளை ஒழுங்கையில் கண்டேன், குழப்பம் போயிருந்தது. பிள்ளையை இறக்கி விடாதே, கால் நிலத்தில் படக்கூடாது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு போனாள். அந்தப் பிள்ளை இடுப்பிலேயே இருந்தது. தைமாதம் போய், மாசி போய், பங்குனி வந்தும் இடுப்பிலேயே இருந்தது. நடந்து திரிந்த பிள்ளை நடக்க மறந்துவிடுமோ என்று தாய் பயந்தாள்.

பங்குனியில் ஆண்டுப் பொதுக்கூட்டம். யாழ்ப்பாணத்திலிருந்து கூட்டுறவு உத்தியோகத்தர் ஒருவர் ஜீப்பில் வந்திருந்தார். சங்க மண்டபத்தில் நிறைகுடம், விளக்கு, பிள்ளையார். எல்லாரும் செருப்பை வாசற்படியில் கழற்றிவிட்டு உள்ளே போனார்கள். தலைவரின் செருப்பு நடக்கும்போது கிறீச்சிடும். ஊருக்குள் அவர் வருவதை அதைக் கேட்டுத்தான் தெரிந்துகொள்வோம். உத்தியோகத்தர் நாடா கட்டிய கறுப்புச் சப்பாத்தைக் கழற்றி, காலுறையோடு உள்ளே போனார். பெண்கள் வழமைபோல முற்றத்துப் பூவரசுக்குக் கீழே, வெறுங்காலோடு, பிள்ளைகளோடு நின்றார்கள்.

சீதேவி வாசலுக்கு வந்து ஒரு கேள்வி கேட்கவேண்டும் என்றாள். கேள்விகளைப் போன வருஷத்துக் கூட்டத்திலேயே அறிவித்திருக்கவேண்டும் என்று சோமாஸ்கந்தன் சொல்லிக் கதவை அரைவாசி சாத்தினார். அவள் படியில் நின்று குனிந்து பார்த்தாள். நிர்வாக சபையின் செருப்பெல்லாம் சோடி சோடியாக, மினுக்கியபடி கிடந்தன. உள்ளே தலைவர் சங்கத்தின் சாதனைகளைத் தொடங்கியிருந்தார். அது முடிய மத்தியானம் ஆகும் என்று ஊருக்கே தெரியும்.

அவள் தன் சேலைத் தலைப்பைச் செருகிக்கொண்டு, செருப்புகளை வாரிக்கொண்டு போய்ப் பூவரசுக்குக் கீழே வைத்தாள். பிறகு ஆளுக்கொன்றாகக் கொடுத்தாள். சில பெண்கள் சிரித்தார்கள், சிலர் பயந்தார்கள். அல்போன்சம்மா பயப்படவில்லை. தலைவரின் செருப்பில் ஒன்றைக் காலில் போட்டு, கிறீச்சிடுகிறதா என்று நடந்து பார்த்தாள். கிறீச்சிட்டது.

கூட்டம் முடிந்து உள்ளேயிருந்தவர்கள் வெளியே வந்தபோது உச்சி வெயில். சங்க முற்றம் வெள்ளைக் கல்லும் சுடுமணலும் நெருஞ்சியும். மழைக்காலத்தில் சப்பாத்துப் பெட்டி நின்ற அதே முற்றம்தான். சபையார் படியில் நின்று தேடினார்கள். தலைவர் ஒரு காலை மணலில் வைத்தார். உடனே எடுத்தார்.

"ஆரின்ர செருப்பு ஆரின்ர காலில கிடக்குது எண்டு தெரியுதோ உங்களுக்கு?" என்றார்.

"ஓம் ஐயா, தெரியுது," என்றாள் சீதேவி. "ஒருத்தர் ரண்டு காலுக்கும் போட மற்றவை வெறுங்காலோட நிக்கிறது அநியாயம் எண்டு நீங்கள்தானே சொன்னனீங்கள். ஆளுக்கொண்டு குடுத்திருக்கிறன்."

உத்தியோகத்தர் தலைவரைப் பார்த்தார். அப்படி ஒரு தீர்மானம் உண்டா என்று கேட்டார். தன் தீர்மானத்தை மறுக்கத் தலைவருக்கு மனம் வரவில்லை. உண்டு, ஏகமனதாக நிறைவேறியது என்றார், கொஞ்சம் பெருமையோடு. அப்படியென்றால் தீர்மானப்படிதானே நடந்திருக்கிறது என்றார் உத்தியோகத்தர். அதன் பிறகுதான் அவர் தன் கறுப்புச் சப்பாத்து ஒரு கிழவியின் காலில் நாடா தொங்க நிற்பதைக் கண்டார். ஜீப் முற்றத்துக்கு அப்பால், தெருவில் நின்றது.

பெண்களின் காலிலிருந்து செருப்பைப் பிடுங்குவதற்குத் தீர்மானம் எதுவும் இல்லை. சோமாஸ்கந்தன் ஒருதரம் இறங்கி ஓடிப் பார்த்தார். பாதி வழியில் நெருஞ்சி ஏற, நொண்டிக்கொண்டு திரும்பி வந்தார். எங்கள் சீமான்கள் சின்ன வயதுக்குப் பிறகு கோயில் வீதியைத் தவிர வேறெங்கும் வெறுங்காலோடு நடந்ததில்லை. நான் மண்டபத்துக்குள் பின்பக்கத்தில், வாசலோரம் நின்று எல்லாவற்றையும் பார்த்தேன். என் வாழ்க்கையில் ஒரு பொதுக்கூட்டம் எனக்குப் பிடித்திருந்தது அன்றைக்கு மட்டும்தான்.

"மண்ணெண்ணெய் அறைத் திறப்பைத் தாங்கோ," என்றாள் சீதேவி. "செருப்பைத் தாறம்."

சங்கத்தின் கொள்கை, கட்டுப்பாடு, வரலாறு என்று தலைவர் பேசத் தொடங்கினார். உத்தியோகத்தர் மணிக்கூட்டைப் பார்த்தார். பேச்சை நிறுத்திச் சாவியைக் கொடுக்கும்படி மெல்லிய குரலில் சொன்னார். அப்புத்துரை திறப்பை எறிந்தார்.

அதன் பிறகு நடந்ததை அந்தச் சபையார் படியில் நின்று பார்க்கவேண்டியிருந்தது. பெண்கள் பெட்டியை இழுத்துக் கொண்டுவந்து நிழலில் கவிழ்த்தார்கள். முன்பு கிடைத்த ஒற்றைகளையும் வீடுகளுக்கு ஆளனுப்பி எடுத்துவந்து குவித்தார்கள். இலக்கத்தை யாரும் பார்க்கவில்லை. ஒவ்வொரு பிள்ளையாக மடியில் வைத்து, விரலை உள்ளே விட்டுப் பார்த்து, குதியை அமத்திப் பார்த்து, நிலத்தில் விட்டு நடக்கப் பண்ணினார்கள். புண்ணும் முள்ளும் உள்ள கால்களுக்கு முதலில். எல்லாப் பிள்ளைக்கும் கிடைத்ததென்று சொல்லமாட்டேன்; கிடைக்காத தாய்மாரும் அன்றைக்குச் சண்டை பிடிக்கவில்லை. எடுத்தவர்கள் பங்கீட்டு விலையைப் படியில் வைத்தார்கள்.

அம்பிகைக்குத்தான் நேரம் எடுத்தது. வலது காலுக்கு ஒன்று இறுக்கம், ஒன்று லொடலொடப்பு, ஒன்று விரலடியில் மடிந்து குத்தியது. சீதேவி விடவில்லை. அல்போன்சம்மா குவியலின் அடியிலிருந்து ஒன்றை எடுத்து, தோலைக் கையால் கசக்கி மெதுவாக்கிக் கொடுத்தாள். அது பொருந்தியது.

வாக்கு வாக்குத்தான். செருப்புகளை எல்லாம் சோடி சேர்த்து, மண்ணைத் தட்டி, படியில் அடுக்கிவைத்தார்கள். உத்தியோகத்தர் நாடாவைக் கட்டிக்கொண்டு ஜீப்புக்குப் போனார். மற்றவர்கள் அசையவில்லை. அல்போன்சம்மாவும் அவளுடைய ஆட்களும் போட்டுக் கழற்றிய செருப்பில் காலை நுழைப்பதா என்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். தலைவர் தன் செருப்பையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு உள்ளே திரும்பிப்போய்க் கதிரையில் இருந்தார். வெயில் தாழ்ந்த பிறகு போகலாம் என்றார். சபையும் உள்ளே போய் இருந்தது.

அந்த நேரத்தில்தான் அம்பிகை தாயின் கையிலிருந்து கழன்றது. மாதக்கணக்கில் இடுப்பில் இருந்த பிள்ளை. முதலில் தடுமாறியது, படியைப் பிடித்து ஏறியது, பிறகு டொக்கு டொக்கென்று மண்டபத்துக்குள் நுழைந்தது. நிறைகுடத்தைச் சுற்றி வந்தது. அப்புத்துரை தூக்கப் பாய்ந்தார். சப்பாத்தைக் கண்டதும் நீட்டிய கை நீட்டியபடியே நின்றது. தூக்கும், தூக்கும் என்று தலைவர் சோமாஸ்கந்தனுக்குச் சொன்னார். சோமாஸ்கந்தன் அப்புத்துரைக்குச் சொன்னார். பிள்ளை விளக்கைத் தாண்டி நேரே தலைவரிடம் போய், அவருடைய வேட்டியைப் பிடித்துக்கொண்டு, அவருடைய வெறுங்காலின்மேல் இரண்டு சப்பாத்தோடும் ஏறி நின்றது.

"பிள்ளையை எடும்," என்று தலைவர் கத்தினார். "உடனே வந்து எடும்."

சீதேவி வாசற்படியிலேயே இருந்தாள்.

"கொஞ்சம் பொறுங்கோ ஐயா," என்றாள். "வலது கால் சரியா ஊண்டுதோ எண்டு பாக்கிறன்."